ஓரம் வெட்டாத வேதாகமம்

பழைய வேதாகமத்தைப் பைண்டிங்குக்குக் கொண்டுவருகிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "அப்பாவோட வேதம். கடையில புதுசு கிடைக்கும், ஆனா எங்களுக்கு இதுதான் வேணும்." பாளையங்கோட்டையில் நான் தொழில் கற்ற கடையில் வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிக்கூட நோட்டும் ஆபீஸ் ரிஜிஸ்டரும்தான். ஆனாலும் வெளியூரில் கடையின் பெயர் தெரிந்தது வேதாகமத்தால். நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுரண்டை என்று சபைகள் இருக்கிற ஊர்களிலிருந்து மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வருவார்கள். முதுகு கழன்றிருக்கும், அட்டை தனியாகக் கிடக்கும், ஆதியாகமத்தின் முதல் நாலு தாள் இருக்காது.

கடைக்காரர் அண்ணாச்சியிடம் நான் கற்கப் போனது தையலும் பசையும். வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் கற்றதும் அந்த மேசையில்தான். ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் கூட்டம் எல்லாவற்றிலும் இருந்தவன் நான். மனப்பாட வசனப் போட்டியில் பரிசும் வாங்கியிருக்கிறேன். வேதத்தில் என்ன இருக்கிறது என்பதை அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் வாசித்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமையை எப்படி ஓட்டுவது என்பது மட்டும் தெரியாமலே இருந்தது. அது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடுகிறது. தொழிலும் அப்படித்தான் வருகிறது. ஃபாரத்தின், அதாவது மடித்த தாள்கட்டின், மடிப்பில் ஊசி எங்கே இறங்கவேண்டும் என்று வாயால் சொல்லிவிடலாம்; நூலை எவ்வளவு இழுத்தால் தாள் கிழியும் என்பதை விரல்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஜெபத்தைப் பிரசங்கத்தாலேயே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நம் சபைகளில் நினைக்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, வந்த வேதாகமத்தைக் காலி செய்வது. பிரிப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். காய்ந்துபோன குருத்தோலைச் சிலுவை, கல்யாண அழைப்பிதழ், ஞானஸ்நானச் சீட்டு, கறுப்புக் கட்டம் போட்ட துக்க அட்டை, புழக்கத்தில் இல்லாத ரூபாய் நோட்டு, பரீட்சை முடிவு வந்த செய்தித்தாள் துண்டு. ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் எழுதி வைக்கவேண்டும். பைண்டிங் முடிந்த பிறகு அதே பக்கத்தில் திருப்பி வைக்கவேண்டும்.

"எங்க இருந்துச்சோ அங்கயே போணும்டே. சும்மா சொருகி வச்சதுன்னு நெனைக்காத. அந்த வசனத்துக்குன்னு வச்சிருப்பாங்க."

அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு வேதாகமத்தில் ஆஸ்பத்திரிச் சேர்க்கைச் சீட்டு ஏசாயா 38-ல் இருந்தது. எசேக்கியா ராஜா சாகக் கிடந்து, சுவரை நோக்கித் திரும்பி அழுது ஜெபித்து, பதினைந்து வருஷம் ஆயுள் கூட்டிக் கொடுக்கப்பட்ட அதிகாரம் அது. சீட்டில் இருந்த பெயரை நான் வாசிக்கப் பார்த்தேன். அண்ணாச்சி கையை நீட்டி வாங்கிக் கவருக்குள் போட்டுவிட்டார். அடுத்தவர் ஜெபம் நம் கைக்கு வரலாம், கண்ணுக்கு வரக்கூடாது என்பது கடையின் சட்டம்.

இரண்டாவது சட்டம் ஓரத்தைப் பற்றியது. எந்தப் புத்தகமானாலும் தைத்து முதுகுக்குப் பசை போட்டுக் காய்ந்ததும் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரு சீவு சீவுவார்கள். அழுக்கு ஓரம் போய்ப் புத்தகம் புதிதுபோல் பளிச்சென்று ஆகிவிடும். வாடிக்கையாளருக்கும் அதுதான் பிடிக்கும். வேதாகமத்தை மட்டும் அண்ணாச்சி மெஷின் பக்கமே கொண்டுபோக மாட்டார். ஓரத்தில் எழுத்து இருக்கும். நூலளவு சீவினாலும் ஓர் எழுத்து போய்விடும்.

அந்த எழுத்துகளைத் தைக்கும்போது பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு சங்கீதத்தின் பக்கத்தில் தேதியும் ஊர்ப் பெயரும். எரேமியாவின் புலம்பலில் ஒரு கோடு, அதற்குக் கீழே வேறு வருஷம் போட்டு வேறு மையில் இன்னொரு கோடு. நீதிமொழிகளில் ஒரு வசனத்துக்கு எதிரே "கடன்" என்று ஒரே ஒரு வார்த்தை. இவர்கள் யாரும் வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. பனையேறிக் குடும்பம், பள்ளிக்கூட வாத்தியார், மில்லுக்குப் போனவர், வீட்டோடு இருந்த பெண்கள். வாசித்த வசனமும் நடந்த காரியமும் ஒரே தாளில் இருக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வேத வாசிப்பைப் பற்றி எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

எழுத்து ஓரத்தில் இருந்தால், அழுக்கு விளிம்பில். மூடி வைத்த வேதாகமத்தின் முன்விளிம்பைப் பார்த்தாலே எங்கே விரல் பட்டிருக்கிறது என்று தெரியும். சங்கீதம் கறுத்திருக்கும். ஏசாயாவின் பின்பாதி, மத்தேயு, யோவான் அடுத்தபடி. லேவியராகமம் தொடங்கி நாளாகமம் வரைக்கும் பல வேதாகமங்களில் வெள்ளையாகவே இருக்கும். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பைத்தான் எங்கள் பக்கத்துச் சபைகள் இன்றைக்கும் வைத்திருக்கின்றன. அதன் பிரதிகள் எத்தனையோ எங்கள் மேசைக்கு வந்தன. இந்தக் கறுப்பும் வெள்ளையும் அதிகம் மாறியதில்லை.

ஒரு தமிழ் வேதாகமம் கைக்கு வருவதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது பைண்டருக்குத் தாளைத் தொட்டாலே நினைவுக்கு வரும். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714-ல் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலருடைய நடபடிகளையும் அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்ததால் தாள் தின்றது. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்து மீதியை 1715-ல் முடித்தார்கள். தாளை மிச்சம்பிடிக்க எழுத்தையே புதிதாக வார்த்த அந்தப் புத்தகத்தில் பாதிப் பக்கம் விரல் படாமலே போகிறதே என்று அண்ணாச்சி வருத்தப்படுவார்.

அதனால் அவர் வரிசையாக வாசிப்பவர். காலையில் கடை திறந்ததும் மைதா மாவைக் கரைத்து, பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு அடுப்பில் வைப்பார். பசை காய்கிற நேரத்தில் ஓர் அதிகாரம், சத்தமாக. மொத்தம் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம். எத்தனையோ பேர் அப்படி முடிக்கிறார்கள், அதில் எனக்கு மரியாதைதான். அண்ணாச்சிக்கு ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் போதும். ஒரு சுற்று வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். 119-ம் சங்கீதம் வந்தால் 176 வசனத்தையும் எட்டு எட்டாக இருபத்திரண்டு நாள் வாசிப்பார். அவசரமில்லை. வாசித்து முடித்ததும் வேதத்தை மூடாமல் ஒரு கேள்வி கேட்பார்: "சாயங்காலம் கடை சாத்துததுக்குள்ள இதுல நமக்கு என்ன வேலை இருக்கு?"

எல்லா அதிகாரமும் பதில் சொல்லிவிடாது. வம்ச அட்டவணை வாசித்த நாளில் பேசாமல் பசையைக் கிளறப் போய்விடுவார். வலிந்து ஓர் அர்த்தத்தைப் பிழிந்தெடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. ஆனால் பதில் சொல்கிற அதிகாரம் வந்தால் விடமாட்டார். நான் சேர்ந்த புதிதில் லேவியராகமம் 19 வந்தது. விளிம்பு வெளுத்துக் கிடக்கிற பகுதி அது. பலி முறையும் தீட்டுச் சட்டமும் என்று நினைத்து எல்லாரும் தாண்டிப் போகிற புத்தகத்தின் நடுவில், அறுப்பறுக்கும்போது வயல் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவை, கூலிக்காரன் கூலியை இரவு தங்கவிடாதே, அளவிலும் நிறையிலும் நேர்மையாயிரு, நரைத்த தலைக்கு எழுந்து நில் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. பிறனை நேசிப்பதைப் பற்றி ஆண்டவர் எடுத்துச் சொன்ன கட்டளையும் அந்த அதிகாரத்தின் 18-ம் வசனம்தான்.

அன்றைக்குப் பசை அடிப்பிடித்துப் போனது. அண்ணாச்சி அடுப்பை அணைத்துவிட்டு, தாள் மடிக்கிற அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்: "வாரக்கூலி உனக்கு எப்படிம்மா இருக்கு? அன்னன்னைக்கு வாங்கிக்கிடுதியா?"

எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் சனிக்கிழமைதான் கூலி. அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: புதன்கிழமைக்கெல்லாம் கையில் காசு தீர்ந்துவிடும், தெருமுனையில் வட்டிக்கு வாங்குவேன், சனிக்கிழமை வாங்குகிற கூலியில் முதல் பங்கு அவனுக்குத்தான். அவளுடைய வட்டிக்கும் எங்கள் சனிக்கிழமைக்கும் சம்பந்தம் உண்டு என்பது அதுவரை கடையில் யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலத்திலிருந்து தினக்கூலி ஆனது. ரிஜிஸ்டருக்குத் தாள் வெட்டும்போது விழுகிற பெரிய துண்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துப் போடுவது வழக்கம். அதுவும் நின்றது. துண்டுகளைச் சேர்த்துத் தைத்துச் சின்ன நோட்டாக்கி, டியூஷன் முடிந்து வருகிற தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நான் தனியாகத் தைத்துப் பழகியதெல்லாம் அந்த நோட்டுகளில்தான்.

நேர்மையான அளவு என்ற வசனத்துக்குச் சில மாதம் கழித்து வேலை வந்தது. ஓர் அலுவலகத்திலிருந்து பெரிய ஆர்டர். தைத்ததைவிட அதிக எண்ணிக்கை போட்டு பில் கேட்டார்கள். அண்ணாச்சி சண்டை போடவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தைத்த எண்ணிக்கைக்கு பில் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் அந்த ஆர்டர் வரவில்லை. அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினிக்கு அதில் வருத்தம் உண்டு; வீட்டுச் செலவைப் பார்க்கிறவள் அவள்தான். அந்த வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கீழ்ப்படிதலைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். சாட்சி சொல்லும்போது கர்த்தர் இரண்டு மடங்காகத் திருப்பித் தந்தார் என்று முடிப்பதுதான் எங்கள் கூட்டங்களில் வழக்கம். இந்தக் காரியத்தில் திருப்பி எதுவும் வரவில்லை. பில் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

வரிசையாக வாசிப்பதால் இன்னொன்றும் பிடிபட்டது. எங்கள் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். எரேமியா 29:11 யாருக்காவது கட்டாயம் வரும். சமாதானத்துக்கான நினைவுகளைப் பற்றிய அந்த வசனம் எத்தனையோ வீட்டு நிலைவாசலுக்கு மேலே தொங்குகிறது. அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால், அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம். முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. நிருபத்தைக் கையில் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கும் மேலே, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைக் கொண்டுபோன பட்டணத்தின் நன்மையைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இருக்கிறது. அட்டையில் வசனம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. என் அம்மா கடைசிவரை எடுத்தாள், அதைப் பிடித்துக்கொண்டே கஷ்டகாலத்தைத் தாண்டினாள். ஆனால் 11-ம் வசனத்தைச் சுவரில் மாட்டுகிற வீடு 7-ம் வசனத்தையும் செய்யவேண்டும். அண்ணாச்சி ஜெபிக்கும்போது எங்கள் தெரு முழுக்க வரும்: டீக்கடை, எதிரே பூக்கட்டுகிற அம்மா, லாட்ஜ் வாட்ச்மேன், வாய்க்கால் அள்ள வருகிறவர்கள், வார்டு கவுன்சிலர். அவர்களில் பாதிப்பேருக்குமேல் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்கள். பட்டணத்தின் நன்மை என்றால் அதில் எல்லாரும் அடக்கம்தானே.

அவர் ஜெபிக்கிற விதம் எனக்குப் புதிது. நான் வளர்ந்த கூட்டங்களில் ஜெபம் என்றால் நீளமும் சத்தமும். அண்ணாச்சி காலையில் வாசித்து முடித்ததும் மேசையில் கையை ஊன்றி நின்றபடி, பசை பொங்காமலிருக்கக் கண்ணைத் திறந்துகொண்டே, வாசித்ததிலிருந்தே எடுத்து ஜெபிப்பார். கூலியைப் பற்றி வாசித்த அன்று கூலிக்காரருக்காக ஜெபம். எசேக்கியா வந்த அன்று வியாதியஸ்தருக்காக. அதனால் ஜெபம் பழைய வார்த்தைகளிலேயே சுற்றாது. மற்ற ஜெபமெல்லாம் தைக்கிறபோது. ஒரு வேதாகமத்தில் நாற்பது ஐம்பது ஃபாரம் இருக்கும். மடிப்புக்குள் ஊசியை விட்டு, கயிற்றைச் சுற்றி எடுத்து, நூலை மெழுகில் இழுத்து இறுக்க ஒரு நிமிஷமாவது ஆகும். ஒரு ஃபாரத்துக்கு ஒரு பெயர். உதடு அசையாது. நான் கவனித்தது அவருடைய கையைத்தான்; சில பெயர்களுக்கு நூல் இழுக்கிற வேகம் குறைந்துவிடும். இப்போது என் கையும் அப்படிச் செய்கிறது.

இதைப் பற்றிப் பின்னால் எங்கள் சேகரகுருவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மார்ட்டின் லூத்தர் தம்முடைய நாவிதருக்கு எழுதிய சிறு புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். விட்டன்பர்க்கில் பேதுரு பெஸ்கெண்டார்ஃப் என்று ஒரு நாவிதர், லூத்தருடைய சினேகிதர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்குப் பதிலாக 1535-ல் எழுதப்பட்டது அது. நல்ல நாவிதன் கத்தியிலும் முடியிலும் கண்ணாக இருக்கவேண்டும், பேச்சில் போனால் வாயையோ மூக்கையோ வெட்டிவிடுவான், ஜெபிக்கிறவனுக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று அவருடைய தொழிலை வைத்தே லூத்தர் விளக்குகிறார். முறையும் எளிதுதான். ஒரு கட்டளையை எடுத்துக்கொள்: அது என்ன கற்பிக்கிறது, அதற்காக எதை நன்றியாகச் சொல்வது, எதை அறிக்கையிடுவது, எதைக் கேட்பது. நடுவில் ஒரு நல்ல எண்ணம் வந்து மனதைப் பிடித்துக்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிரு என்கிறார். அண்ணாச்சி அந்தப் புத்தகத்தைப் பார்த்தவரல்ல. ஆனாலும் பசை அடிப்பிடிக்க விட்ட காலை இதைத்தான் செய்தார்.

அந்த நாவிதரின் கதை அங்கே முடியவில்லை. அதே 1535-ம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாள், பேதுரு தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் தலை தப்பியது. ஊரை விட்டு அனுப்பப்பட்டார். சேகரகுரு இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜெபத்தைப் பற்றி எழுதப்பட்ட நல்ல புத்தகங்களில் ஒன்று யாருக்காக எழுதப்பட்டதோ அவருடைய கை அதே வருஷம் என்ன செய்தது என்று பாருங்கள். இதை எண்ணும்போதெல்லாம், முறை தெரிந்துவிட்டது என்பதில் எனக்கு இருந்த தைரியம் குறைந்துபோகிறது. குறைவது நல்லது என்றே நினைக்கிறேன். காலை ஜெபத்துக்கும் அன்று மத்தியானம் வருகிற கோபத்துக்கும் நடுவில் ஒரு மனுஷன் நெகேமியாவைப் போல நிற்கவேண்டியிருக்கிறது. ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையில் அவன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தான் என்று இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்திருக்கும். சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை என்று வாடிக்கையாளர் சத்தம் போடும்போது அண்ணாச்சி உடனே பதில் சொல்லாமல் நூற்கண்டை ஒரு தரம் உருட்டுவார். அது பழக்கதோஷம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துண்டுத் தாளில் தைத்த நோட்டு ஒன்று மேசை டிராயரில் இருக்கும். அது ஜெபக் குறிப்பு. இடது பக்கம் பெயர், தேதி, விண்ணப்பம். வலது பக்கம் பதில் வந்தால் எழுத. பலரும் வைத்திருக்கிற நோட்டுதான். அண்ணாச்சி நடுவில் இன்னொரு கட்டம் போட்டிருந்தார்: "நம்ம வேலை". டீக்கடைக்காரருக்கு முழங்கால் வலி என்று இடது பக்கம் இருந்தால் நடுவில் "வியாழன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக" என்று இருக்கும். சாப்பாடும் துணியும் இல்லாதவனைப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், சமாதானத்தோடே போ என்று சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்று போட்ட கட்டம் அது. நடுக் கட்டம் காலியாக இருக்கிற விண்ணப்பமும் உண்டு, நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமில்லாத காரியங்கள். அவற்றுக்காகத்தான் அதிகம் முழங்கால்போடுவார்.

நோட்டின் முதல் பெயர் அவருடைய தம்பி. சாயர்புரம் பக்கத்தில் பனைவிளை ஒன்று, அதில் கிணற்றுப் பங்கு தகராறு. பேச்சு நின்று பல வருஷம். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கி மத்தேயு 5 வந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற இடம். அண்ணாச்சி இதற்கு முன்னும் பல சுற்றில் இதைத் தாண்டி வந்தவர்தான். அன்று வாசித்துவிட்டு, "இன்னைக்குக் கடையப் பாத்துக்கடே" என்று சொல்லிப் பஸ் ஏறிப் போனார். ராத்திரி வந்தார். தம்பி வாசலில் நின்று பேசினாராம், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கிணற்றில் தன் பங்கை விட்டுத் தருவதாக அண்ணாச்சி சொன்னதற்கும் பதில் இல்லை. மறுநாள் நோட்டில் நடுக் கட்டத்தில் தேதி போட்டார். வலது கட்டம் நான் அந்தக் கடையில் இருந்தவரை காலியாகவே இருந்தது. தம்பி பெயரில் ஒரு ஃபாரம் அன்றாடம் தைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

மதினி சிறுநீரகக் கோளாறில் படுத்திருந்த காலத்தில் சங்கீதம் 88 வந்தது. வேதத்திலேயே வெளிச்சமில்லாமல் முடிகிற சங்கீதம் அது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது, இருளிலேயே நின்றுவிடும். நான் அடுத்த சங்கீதத்தையும் சேர்த்து வாசிக்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அன்று அந்த ஒன்றைத்தான் ஜெபமாகவும் சொன்னார், தன் வார்த்தை ஒன்றும் சேர்க்காமல். வாய் வராத நேரத்துக்கும் வேதத்தில் ஜெபம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். தெரிந்த வசனங்களை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவே மாட்டோம். மதினி பிழைத்து எழுந்தாள். இப்போதும் மருந்து மாத்திரையோடுதான் இருக்கிறாள்.

இப்போது எனக்கென்று சின்னக் கடை இருக்கிறது. பசை காய்கிறது, அதிகாரமும் நடக்கிறது. போன மாதம் எண்ணாகமம் 27. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கும் சபை அனைத்துக்கும் முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அற்றுப்போகவேண்டும், எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசே தானே தீர்ப்புச் சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோகிறான். அவர்கள் கேட்பது சரிதான் என்று பதில் வருகிறது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அக்கா, தங்கச்சி இருவரிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு வீட்டை ஆண்மக்கள் இருவர் பெயருக்கும் எழுதுவது என்று பெரியண்ணன் ஏற்பாடு செய்திருந்தான். எங்கள் பக்கத்தில் நடைமுறை அதுதான். கல்யாணத்துக்குப் போட்ட நகையைச் சொல்லிக் காட்டினால் பெண்பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுப்பார்கள். சட்டம் வேறு. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகனுக்கு என்ன பங்கோ அதேதான் மகளுக்கும். அம்மாவும் இல்லாததால் எங்களுக்கு நேராக நாலு பங்கு. குமாரன் இல்லாத வீட்டுக்குச் சொன்ன தீர்ப்பு ஆண்மக்கள் இருக்கிற வீட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று பெரியண்ணன் கேட்டான். அந்த அதிகாரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் கேட்டதில் நியாயம் உண்டு. நான் அவனுக்குக் காட்டியது, அந்தப் பெண்கள் எங்கே வந்து நின்றார்கள் என்பதை. ஆசரிப்புக் கூடார வாசலில், எல்லாருக்கும் முன்னால், வாய் திறந்து கேட்டார்கள். நம் வீட்டில் அக்காளையும் தங்கச்சியையும் யாரும் கேட்கவே இல்லையே என்றேன்.

கேட்டோம். தங்கச்சி அழுதாள். அக்கா, எனக்குப் பணமாக வேண்டாம், பின்கட்டு அறை ஒன்று இருந்தால் வந்துபோக இடமிருக்கும் என்றாள். பத்திரம் எழுதுகிறவரிடம் போய் விடுதலைப் பத்திரத்தை நிறுத்திவிட்டு, நாலு பேர் பெயரிலும் பாகப்பிரிவினையாக எழுதச் சொல்லியிருக்கிறோம். பெரியண்ணனுக்கு இன்னும் மனது வரவில்லை, கையெழுத்துப் போடுவேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பின்கட்டுக்குத் தனி வாசல் வைக்க எத்தனை அடி விடவேண்டும் என்று கொத்தனாரைக் கூட்டிவந்து அளக்கவேண்டும். என் நோட்டின் நடுக் கட்டத்தில் இருப்பது இப்போதைக்கு அதுதான்.